295ஏ-க்கு ஒரு புகழுரை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவே! உன்னை ஏசியவர்கள் நிறையப் பேர். நிறுத்தி நிதானமாக உன் பெருமையை எடுத்துச் சொன்னவர்கள் குறைவு. அந்தக் குறை என்னால் தீரட்டும். இல்லாததைக் கூட்டிப் பாடும் எண்ணம் எனக்கில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாலே உன் ஆற்றல் தானே விளங்கும்.

நீ பிறந்த கதையிலிருந்து தொடங்குகிறேன். 1924-ல் லாகூரில் 'ரங்கீலா ரசூல்' என்ற சிறுநூல் வந்தது. நபிகள் நாயகத்தின் இல்வாழ்க்கையை இழிவாகப் பேசிய நூல். எழுதியவர் பெயர் அதில் இல்லை. வெளியிட்டவர் ராஜ்பால் என்ற புத்தக வியாபாரி. முஸ்லிம்கள் கொதித்ததில் வியப்பில்லை. விமர்சனம் என்ற பெயருக்கே அந்த எழுத்து தகுதியானதல்ல என்பதுதான் என் எண்ணமும். கீழ்க்கோர்ட்டுகள் ராஜ்பாலைத் தண்டித்தன. 1927-ல் லாகூர் உயர் நீதிமன்ற நீதிபதி தலீப் சிங் அவரை விடுவித்தார். நூல் அவருக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்றிருந்த 153ஏ பிரிவு சமூகங்களுக்கிடையே பகை மூட்டுவதைத் தடுக்க வந்தது; மறைந்துபோன ஒரு சமயத் தலைவரைப் பற்றிய எழுத்தையெல்லாம் அதற்குள் அடைக்க முடியாது என்று சட்டத்தில் இருந்ததை இருந்தபடி படித்தார். பஞ்சாப் கொந்தளித்தது. அந்த ஓட்டையை அடைக்க, மதத்தை அவமதித்து மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்கி, அதே ஆண்டு செப்டம்பரில் நீ வந்தாய்.

சட்டம் தண்டிக்கும் என்று தெரிந்தால் எவனும் கத்தி எடுக்கமாட்டான் என்பதுதான் உன்னைக் கொண்டுவந்தவர்கள் சொன்ன நியாயம். உனக்கு இரண்டு வயது நிறையவில்லை. 1929 ஏப்ரல் 6-ஆம் நாள் ராஜ்பாலை அவருடைய கடையிலேயே இல்முத்தீன் என்ற இளைஞர் குத்திக் கொன்றார். அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று மியான்வாலிச் சிறையில் அந்த இளைஞரைத் தூக்கிலிட்டார்கள். நீ யாரைக் காப்பாற்றினாய் என்று கேட்பவர்கள் உன் அருமை தெரியாதவர்கள். உன் சாதனை வேறு. அதுவரை தெருவில் நின்றுகொண்டிருந்த கோபத்தைக் கையைப் பிடித்து அழைத்துவந்து சட்டப் புத்தகத்துக்குள் உட்காரவைத்தாய். யாருடைய மனம் புண்பட்டது, எவ்வளவு புண்பட்டது என்று அரசாங்கம் கணக்கெடுக்கும் வழக்கம் உன்னோடுதான் வேரூன்றியது. 1927-ல் அந்தப் புண்ணுக்கு இரண்டாண்டு சிறை என்று விலை வைத்தார்கள். 1961-ல் மூன்றாண்டாக்கினார்கள். விடுதலை பெற்ற நாடு வெள்ளைக்காரன் போட்ட தண்டனையைக் குறைக்கவில்லை, கூட்டியது. இந்தப் பேறு எத்தனை பிரிவுகளுக்கு வாய்த்திருக்கிறது?

உன்னைப் பற்றிய விவாதம் மத்தியச் சட்டசபையில் நடந்தபோது முகமது அலி ஜின்னா ஒரு கவலையைச் சொன்னார். வேண்டுமென்று வசைபாடுகிறவனைத் தண்டியுங்கள். ஆனால் வரலாறு எழுதுகிறவனுக்கும், உண்மையைத் தேடுகிறவனுக்கும், மதத்தை நேர்மையாக விமர்சிக்கிறவனுக்கும் பாதுகாப்பு இருக்கவேண்டும் என்றார். இல்முத்தீனின் மேல்முறையீட்டில் அவருக்காக வாதாடியவரும் அதே ஜின்னாதான். இரண்டு பக்கத்தையும் அருகிலிருந்து பார்த்தவர். அவர் கேட்ட பாதுகாப்பு உன்னிடம் இரண்டு சொற்களாக இருக்கிறது: 'வேண்டுமென்றே', 'தீய நோக்கத்துடன்'. இந்த இரண்டும் இருந்தால்தான் குற்றம். 1957-ல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சொற்களைக் காட்டித்தான் உன்னை அரசியல் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஏற்றது. எல்லா அவமதிப்பையும் இது தண்டிக்கவில்லை, மிகக் கடுமையான வகையை மட்டுமே தண்டிக்கிறது என்றது.

அந்தச் சொற்களை எங்கே நிறுத்தி வைத்திருக்கிறாய் என்று பார்த்தால்தான் உன் திறமை புரியும். நீ கைது வாரண்ட் இல்லாமல் பிடிக்கக்கூடிய குற்றம். ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம். நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்க அரசின் முன்அனுமதி வேண்டும். பிடித்து உள்ளே போட அந்த அனுமதி வேண்டாம். காவல் நிலையத்தில் ஒரு புகார், மறுநாள் ஒரு கைது, அதன் பிறகு மாதக்கணக்கிலோ வருடக்கணக்கிலோ கழித்து ஒரு நீதிபதி நிமிர்ந்து பார்த்து, இதில் தீய நோக்கம் எங்கே என்று கேட்பார். அதற்குள் வேலை முடிந்திருக்கும். தண்டனை கொடுத்து நீ பெயர் வாங்கவில்லை. தீர்ப்பு வருமுன்பே தண்டித்துவிடும் ஆற்றல்தான் உன் பெயரை நாடெங்கும் பரப்பியது.

மும்பையில் இர்லா என்ற இடத்தில் வேளாங்கண்ணி மாதா பெயரில் ஒரு தேவாலயம் உண்டு. 2012 மார்ச்சில் அங்கே சிலுவையிலிருந்த இயேசுவின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் திரண்டார்கள், அந்த நீரைப் பிடித்துக் குடித்தார்கள், பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டு போனார்கள். சனல் இடமருகு என்ற பகுத்தறிவாளர் போய்ப் பார்த்தார். சுவரில் ஈரம் ஓடிய வழியைத் தேடினார். பக்கத்துக் கழிவுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டு, தேங்கிய நீர் சுவரின் நுண்துளைகள் வழியே ஏறி ஆணி வழியாகச் சொட்டுகிறது என்றார். பள்ளிக்கூடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படிக்கிறோமே, அதுதான். சாக்கடை நீரைத் தீர்த்தமென்று குடித்த பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வராமல் தடுக்க ஒரு மனிதர் செய்யக்கூடியதை அவர் செய்தார். சுகாதாரத் துறை அவருக்கு நன்றி சொல்லியிருக்கவேண்டும். நீ முந்திக்கொண்டாய். ஒரு நிலையத்தில் அல்ல, பல நிலையங்களில் புகார். மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். கழிவுநீர்ப் பாதையைக் காட்டியதற்கு மன்னிப்பா என்று மறுத்தார். அந்த ஆண்டே நாட்டை விட்டு பின்லாந்துக்குப் போனவர், ஊரையும் உறவையும் விட்டு அங்கேயே தங்கிவிட்டார். ஒரு நாள்கூட நீ அவரைச் சிறையில் வைக்கவில்லை. சொந்த நாட்டையே அவருக்கு மூடிவிட்டாய்.

அரியானாவில் நீ செய்தது இன்னும் பெரிது. கிகு சாரதா என்ற நகைச்சுவை நடிகர், தேரா சச்சா சவுதா என்ற சமய அமைப்பின் தலைவர் குர்மீத் ராம் ரகீமைப் போல ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வேடம் போட்டார். பக்தர்கள் மனம் புண்பட்டது. 2016 ஜனவரியில் நடிகரை மும்பையிலிருந்து அரியானாவுக்குக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். மன்னிப்புக் கேட்டு, ஜாமீனில் வந்தார். அந்தத் தலைவர் மீது பாலியல் குற்றச்சாட்டு சொல்லி ஒரு பெண் துறவி பிரதமருக்குப் பெயரில்லாக் கடிதம் எழுதியது 2002-ல். வழக்கு பதினைந்து ஆண்டு நகர்ந்தது. போலி தாடி வைத்த நடிகரைப் பிடிக்க உனக்குச் சில நாட்கள் போதுமாயிருந்தது. 2017 ஆகஸ்டில் சிறப்பு நீதிமன்றம் இரண்டு சீடப் பெண்களைப் பலாத்காரம் செய்ததற்காக அந்தத் தலைவரைத் தண்டித்தது. இருபது ஆண்டு சிறை. தீர்ப்பன்று வெடித்த கலவரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். நம்பி வந்த பக்தைகளின் உடம்பை ஒருவன் நாசமாக்கினால் பக்தி புண்படாதா என்று எனக்குத் தோன்றுகிறது. உன் வாசகத்தில் அதற்கு இடமில்லை. நீ வார்த்தைக்கும் வேடத்துக்கும் படத்துக்கும் மட்டுமே காவல். மற்றதை 376-ஆம் பிரிவு பார்த்துக்கொண்டது.

உன் நுட்பமும் சொல்லப்படவேண்டும். 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் முனாவர் ஃபரூக்கி என்ற இளம் நகைச்சுவைக் கலைஞரை மேடையிலிருந்து இறக்கிக் கைது செய்தார்கள். அன்றைய மேடையில் அவர் கடவுளரை அவமதித்ததற்கு வீடியோ ஆதாரம் கிடைக்கவில்லை என்று காவல்துறை அதிகாரியே சொன்னதாகச் செய்தி வந்தது. ஆனாலும் உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. உச்ச நீதிமன்றம் பிப்ரவரி 5 அன்று இடைக்கால ஜாமீன் கொடுக்கும் வரை ஒரு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2022-ல் பத்திரிகையாளர் முகமது ஜுபைர் நான்கு ஆண்டுக்கு முன் பதிவிட்ட ஒரு படத்துக்காகக் கைதானார். அது 1983-ல் தணிக்கைச் சான்றிதழோடு வெளிவந்த இந்திப் படத்தின் காட்சி. ஹிருஷிகேஷ் முகர்ஜி எடுத்த குடும்பச் சிரிப்புப் படம். நாற்பது ஆண்டாக யாரையும் புண்படுத்தாத காட்சி உன் கைக்கு வந்ததும் புண்படுத்தியது. மகேந்திர சிங் தோனியை ஒரு பத்திரிகை அட்டையில் விஷ்ணுவாக வரைந்ததற்கு அனந்தப்பூர் நீதிமன்றம் அவருக்கே வாரண்ட் அனுப்பியது. உச்ச நீதிமன்றம் 2017-ல் ரத்து செய்தது. தோனிக்கு நல்ல வக்கீல் இருந்தார். மாவட்ட நீதிமன்ற வாசலில் நிற்கும் பேராசிரியருக்கும் கவிஞருக்கும் அப்படி வக்கீல் அமைவதில்லை என்பதை நீ அறிவாய்.

பாரபட்சம் பார்ப்பவள் என்ற பழி உன் வாசகத்துக்கு ஒட்டாது. எந்த மதம் என்று அதில் இல்லை. மும்பையில் ஷிரீன் தல்வி என்ற உருது ஆசிரியர் பிரெஞ்சு இதழொன்றின் அட்டைப்படத்தை 2015-ல் மறுபதிப்புச் செய்ததற்குக் கைதானார். அவருடைய பத்திரிகைப் பதிப்பும் நின்றுபோனது. முஸ்லிம் பெண்ணை முஸ்லிம்களின் புகாரில் பிடித்தாய். கத்தோலிக்கர், சீக்கியர், இந்து என்று எல்லோருக்கும் உன் கதவு திறந்தே இருக்கிறது. ஒருவர் உன்னைப் பயன்படுத்தியதைப் பார்த்து, நமக்கு மட்டும் கோபம் வராதா என்று அடுத்தவர் வருகிறார். நான் அறிந்தவரை, பிரதோஷத்துக்கு எண்ணெய்க் கிண்ணத்தோடு கோயிலுக்குப் போகும் பெரியம்மாவோ, வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திவிட்டுத் தொழுகைக்குப் போகும் தையல்காரரோ உன்னைத் தேடி வருவதில்லை. அவர்களுடைய கடவுளுக்கு எஃப்.ஐ.ஆர். தேவைப்படவில்லை. வருகிறவர்கள் துண்டறிக்கையும் கேமராவும் கொண்டு வருகிறார்கள். அவர்களை நீ ஒருபோதும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

தமிழ்நாட்டில் உன் தொடக்கம் சரியாக அமையவில்லை. 1953 மே மாதம் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். நீயும் உன் மூத்தவளான 295-உம் சேர்ந்து வழக்கானீர்கள். மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். சென்னை உயர் நீதிமன்றமும் தலையிடவில்லை. 1958-ல் உச்ச நீதிமன்றம், கீழ்க்கோர்ட்டுகள் சட்டத்தைக் குறுக்கிப் படித்துவிட்டன, பக்தர்களின் உணர்வை மதித்திருக்கவேண்டும் என்று கண்டித்தது. ஆனாலும் பழசாகிப்போன விவகாரத்தைக் கிளறவேண்டாமென்று மேல்முறையீட்டைத் தள்ளியது. பிறகு பெரியாரின் இராமாயண நூலின் ஆங்கிலப் பதிப்பையும் 'சச்சி ராமாயண்' என்ற இந்தி மொழிபெயர்ப்பையும் உன் பெயரைச் சொல்லி உத்தரப் பிரதேச அரசு 1969 டிசம்பரில் பறிமுதல் செய்தது. இந்திப் பதிப்பாளர் லலாய் சிங் யாதவ் தளராமல் வழக்காடினார். காரணம் இன்னதென்று சொல்லாத ஆணை செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்னது. 1976 செப்டம்பரில், நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்தபோதே, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதை உறுதி செய்தார்.

அன்று தோற்றாய். ஆனால் காத்திருக்கத் தெரிந்தவள் நீ. 2014-ல் வெண்டி டோனிகர் இந்துக்களைப் பற்றி எழுதிய பெருநூலை, எந்த நீதிமன்றமும் தடை செய்யாமலே, உலகப் பெரும் பதிப்பகமான பெங்குவின் கூழாக்க ஒப்புக்கொண்டது. 2015 ஜனவரியில் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்து அமைதிப் பேச்சுவார்த்தையில், தீர்ப்பு எதுவும் வருமுன்பே, பெருமாள்முருகன் தன் 'மாதொருபாகன்' நாவலுக்காக மன்னிப்பு எழுதிக் கொடுத்தார். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். சென்னை உயர் நீதிமன்றம் அவரை மீண்டும் எழுதச் சொன்னது 2016 ஜூலையில். அந்த ஒன்றரை ஆண்டு தமிழ் வாசகனுக்கு யார் திருப்பித் தருவது? பெரியாரை அசைக்க முடியாத நீ, கதை எழுதும் ஒரு கல்லூரி ஆசிரியரை அசைத்தாய். வளர்ச்சி என்றால் இதுதான்.

நீ பிந்திப் பிறந்ததும் இந்த மொழியின் நல்ல காலம். நீலகேசி என்ற சமணக் காப்பியம் முழுவதும் மறுப்புதான். நீலி ஊர் ஊராகப் போய்ப் பௌத்தரோடும் ஆசீவகரோடும் வேதவாதியோடும் வாதாடி அவரவர் கொள்கையைக் கிழித்துப் போடுகிறாள். அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் 'பரபக்கம்' என்று தனிப் பகுதியே வைத்தார். பிற சமயங்கள் என்ன சொல்கின்றன என்று முதலில் முறையாக எடுத்துச் சொல்லிவிட்டு, பிறகு மறுக்கிறார். சைவ மடங்களில் இன்றும் பாடமாக இருக்கும் நூல். கல்லை வணங்குவதைக் கேள்வி கேட்ட சிவவாக்கியரைச் சித்தர் என்று கும்பிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிஷனரிகளுக்கு ஆறுமுக நாவலர் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார், புத்தகத்துக்குப் புத்தகம். அந்தக் காலம் சாந்தமானது என்று சொல்ல வரவில்லை. சமணரைக் கழுவேற்றிய கதையையும் நம் புராணமே வைத்திருக்கிறது. ஆனாலும் எதிராளியின் நூலைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் மறுக்கவேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. அந்த உழைப்பிலிருந்து எங்களை நீ விடுவித்தாய். நூலைப் படிக்கவேண்டாம், பதில் எழுதவேண்டாம். புகார் எழுதத் தெரிந்தால் போதும்.

உன் உறவுகளையும் விட்டுவிடக்கூடாது. பிரிவினையில் நீ எல்லையின் இரு பக்கமும் பங்கானாய். பாகிஸ்தானில் உனக்கு 1982-ல் 295பி, 1986-ல் 295சி என்று இரண்டு தங்கைகள் பிறந்தார்கள். இளையவள் கையில் தூக்குக் கயிறு. வயலில் தண்ணீர்க் குவளை ஒன்றால் எழுந்த வாய்ச்சண்டையில் ஆசியா பீபி என்ற கிறிஸ்தவக் கூலித் தொழிலாளி 2009-ல் கைதாகி, மரண தண்டனை பெற்று, 2018 அக்டோபர் 31 அன்றுதான் விடுதலையானார். அவருக்காகப் பேசிய பஞ்சாப் ஆளுநர் சல்மான் தாசீரை அவருடைய மெய்க்காவலரே 2011 ஜனவரியில் சுட்டுக் கொன்றார். கொன்றவர் மீது வழக்கறிஞர்கள் ரோஜா இதழ் தூவினார்கள். இரண்டு மாதத்தில் அமைச்சர் ஷபாஸ் பட்டியும் கொல்லப்பட்டார். இலங்கையிலும் உன் வாசகத்துக்கு இணையான ஒரு பிரிவு உண்டு. பிக்குகளைப் பற்றிச் சிறுகதை எழுதிய சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார 2019-ல் நான்கு மாதத்துக்கு மேல் சிறையிலிருந்தார்.

மியான்மரில் நீ இன்னும் அதே எண்ணோடு இருக்கிறாய், 295ஏ என்றே. அங்கே நீ செய்ததைத்தான் உன் முழுமை என்று நினைக்கிறேன். தின் லின் ஊ என்ற எழுத்தாளர் 2014 அக்டோபரில் ஓர் இலக்கிய விழாவில் பேசினார். முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பு அந்த நாட்டில் கொழுந்துவிட்டிருந்த காலம். புத்தரின் பெயரால் இனவெறி பேசாதீர்கள், புத்தர் எந்த இனத்துக்கும் சொந்தக்காரர் அல்லர் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். 2015 ஜூனில் உன் பெயரால் அவருக்கு இரண்டு ஆண்டு கடுங்காவல் கொடுத்தார்கள். மதத்தை அதன் பெயர் சொல்லும் வெறியர்களிடமிருந்து காக்க நினைத்தவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, வெறியர்களின் மனம் புண்படாமல் காத்தாய். உன் இயல்பு இவ்வளவு தெளிவாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை.

உன்னை நட்ட இங்கிலாந்து தன் வீட்டிலிருந்த மதநிந்தனைக் குற்றத்தை 2008-ல் ஒழித்தது. அயர்லாந்து மக்கள் 2018-ல் வாக்களித்துத் தங்கள் அரசியல் சட்டத்திலிருந்தே அதை எடுத்தார்கள். இங்கே 2023 டிசம்பரில் அடிமைக் காலத்துச் சட்டங்களைக் களைகிறோம் என்று சொல்லி நாடாளுமன்றம் புதிய தண்டனைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2024 ஜூலை 1 முதல் நீ பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவு. மூன்றாண்டு அப்படியே இருக்கிறது. கைது முறை அப்படியே இருக்கிறது. ஜின்னா கேட்ட பாதுகாப்பு தனி விதிவிலக்காக அப்போதும் எழுதப்படவில்லை, இப்போதும் எழுதப்படவில்லை. பேச்சு, எழுத்து, சைகை, கண்ணுக்குத் தெரியும் உருவம் என்ற பழைய பட்டியலில் மட்டும் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: மின்னணு வழியாக.